மல்லாவிப் பக்கத்துக்கு ஒரு சின்ன ஜீப் எடுப்பதென்றால்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு மல்லாவியில், காப்பெற் றோட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர் உள்ளே. ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல், மிச்சம் வயலோரம் போகிற மண்பாதை, நடுவில் மாரிக்குத் தண்ணீர் மேவிப் பாய்கிற ஒரு தாம்போதி. அம்மாவை மாதம் ஒருக்கால் வவுனியாவுக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். பாவித்த நிசான் எக்ஸ்-ரெயில், சுசுகி கிராண்ட் விட்டாரா, ஹொண்டா வெசலில் நாலு சில்லும் இழுக்கிற ஆல்-வீல் மூன்றும் கைக்கெட்டுகிற விலையில் நிற்கின்றன. எதை எடுப்பது, வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

நான் ஒட்டுசுட்டான். வயல் முத்தையன்கட்டில். 2014 இலிருந்து ஐந்து வருசம் ரி31 என்கிற இரண்டாம் தலைமுறை எக்ஸ்-ரெயில் வைத்திருந்தேன். அதைக் கொடுத்துவிட்டு 2019 இல் எடுத்த கிராண்ட் விட்டாராதான் இன்றைக்கும் வாசலில் நிற்கிறது. மச்சான் கிளிநொச்சியில் வெசல் ஓடுகிறார். உங்கள் பாதைக்கு விட்டாரா என்பதே என் பதில். ஆனால் மூன்றில் எதை எடுத்தாலும் முதலில் மண்டையில் ஏற்ற வேண்டியது வேறொன்று: நாலு ரயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானத்தில் இல்லாவிட்டால், காசு கொடுத்து வாங்கின நாலு சில்லு இழுவை கொஞ்சக் காலத்தில் உங்களிடம் இருக்காது. அதை நான் என் காசைக் கொட்டித்தான் படித்தேன்.

முதலில் தேவையைப் பார்ப்போம். ஏ9, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகிற ஏ34, பரந்தனிலிருந்து போகிற ஏ35 எல்லாம் இப்போது காப்பெற். வன்னியில் ஜீப் கேட்பது அந்த றோட்டுகள் இல்லை, அவற்றிலிருந்து இறங்கின பிறகு வருகிற கடைசி இரண்டு கிலோமீற்றர்தான். அதுவும் ஐப்பசி பிறந்து தை பாதி வரைக்கும். எக்ஸ்-ரெயில் ஓடின காலத்தில் ஒரு மாரிக்கு இருபது, இருபத்தைந்து நாள்தான் நாலு சில்லையும் சேர்த்து இழுக்க வைக்கிற லொக்கை நான் போட்டிருப்பேன். மிச்ச நாளெல்லாம் சாதாரணக் காரே போதும். உங்கள் மண்பாதைக்கு யாராவது நாலு லோட் கிரவல் கொட்டி உருட்டித் தந்தால், தாம்போதியும் அடங்கியிருந்தால், ஜீப்பே தேவையில்லை. அது நடக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்-ரெயிலும் விட்டாராவும் வெளியில் பார்க்க ஒரு உயரம், ஒரு பருமன். இரண்டுக்கும் அடிவயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். வித்தியாசம் உள்ளே. எக்ஸ்-ரெயில் அடிப்படையில் முன்சில்லு இழுக்கிற கார். பின்சில்லுக்குச் சக்தி கொடுக்கப் பின்னால் ஒரு கப்ளிங் இருக்கிறது. அதற்குள் கிளட்ச் தட்டுகள். முன்சில்லு வழுக்கினால் கணினி அந்தத் தட்டுகளை நெருக்கிப் பின்சில்லையும் சேர்க்கும். நடுவில் உள்ள குமிழை 2டபிள்யூடி, ஓட்டோ, லொக் என்று திருப்பலாம். லொக்கில் மெதுவாகப் போகிறவரைக்கும் முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கும்; வேகம் கூடினால் தானாகவே ஓட்டோவுக்குத் திரும்பிவிடும். நல்ல ஏற்பாடு. கிரவலில், நனைந்த செம்மண்ணில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

2005 இல் வந்த மூன்றாம் தலைமுறை விட்டாராவில் எப்போதும் நாலு சில்லும் இழுக்கும். நடுவில் ஒரு டிபரென்சியல் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்லுத்தொகுதி), அதைப் பூட்டலாம், அதோடு லோ கியரும் இருக்கிறது. டாஷ்போர்ட் குமிழில் 4எச், 4எச் லொக், 4எல் லொக், என் (நியூட்ரல்) என்று நாலு நிலை. 4எல் போட்டால் எஞ்சினின் இழுவை சில்லுக்குப் போகும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். இந்தக் குமிழே இல்லாத விட்டாராவும் சந்தையில் இருக்கிறது, ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல் குமிழைப் பார்த்து வாங்குங்கள். 2022 இல் இந்தியாவில் அதே பெயரில் வந்தது முற்றிலும் வேறு வண்டி. அதில் லோ கியர் கிடையாது.

லோ கியரின் அருமை சேற்றுக்குள் நின்றால்தான் தெரியும். காலபோகத்துக்கு உரம் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கட்டில் ஏறுகிற இடம் ஒன்று என் வயலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. பத்தடி ஏற்றம்தான், ஆனால் உழவு மெசின் போய் இரண்டு பக்கமும் சால் விழுந்த களி. எக்ஸ்-ரெயிலில் அந்த இடத்துக்குத் தூரத்திலிருந்தே வேகம் எடுத்து அடித்து ஏற வேண்டும். பாதியில் நின்றால் பிறகு வழுக்கி இறங்குவதுதான். விட்டாராவில் அடிவாரத்தில் நிறுத்தி, 4எல் போட்டு, அக்சிலேற்றரில் கால் வைத்தும் வைக்காமலும் விட்டால் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறும். கண்ணாடியை இறக்கிப் பார்த்தால் ரயர் வெட்டுக்குள் ஏறின சேறு மெல்லமாகப் பிதுங்கி விழுவது தெரியும். சில்லு ஒரு சுற்றுக்கூட வெறுமனே சுற்றாது. பின்னால் ஆறு மூட்டை யூரியா இருந்தது. அந்த ஏற்றத்துக்காகவே வண்டியை மாற்றினேன் என்று சொன்னாலும் பொய்யில்லை.

இனி ரயர் கதைக்கு வருகிறேன். 2016 மாரிக்குக் கொஞ்சம் முதல் எக்ஸ்-ரெயிலின் பின் ரயர் ஒன்று கிரவல் றோட்டில் பக்கம் கிழிந்தது. மற்ற மூன்றும் அரைவாசிக்கு மேல் தேய்ந்தவை, ஆனாலும் ஓடலாம். நாலையும் மாற்றக் காசு பொறுக்கவில்லை. ஒன்றை மட்டும் புதிதாக, அதுவும் வேறு கம்பனியில், வேறு வெட்டில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து மாங்குளத்திலிருந்து வரும்போது டாஷ்போர்ட்டில் போர்-வீல் விளக்கு மெதுவாக, இரண்டு செக்கனுக்கு ஒருமுறை சிமிட்டத் தொடங்கியது. கைப்புத்தகத்தில் அதற்கு அர்த்தம் எழுதியிருக்கிறது: மெதுவாகச் சிமிட்டினால் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் சுற்றளவு ஒத்துவரவில்லை, வேகமாகச் சிமிட்டினால் உள்ளே சூடேறிவிட்டது. நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. வயர் ஏதும் கழன்றிருக்கும் என்று அப்படியே ஓடினேன். தை மாதம் லொக் போட்டபோது முன்சில்லு மட்டும் சுற்ற, பின்சில்லு செத்தமாதிரிக் கிடந்தது. கப்ளிங் எரிந்துவிட்டது. கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய கப்ளிங் ஒன்று எடுத்து பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். அதன் விலையில் நாலு ரயர் போட்டு மிச்சக் காசில் ஒரு மூட்டை விதைநெல்லும் வாங்கியிருக்கலாம். வண்டியின் பிழை துளியும் இல்லை. அது எனக்கு விளக்குப் போட்டுச் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்று கணக்கில் பார்த்தால் விளங்கும். 225/65ஆர்17 ரயர் புதிதாக இருக்கும்போது சுற்றளவு ஏறக்குறைய 2275 மில்லிமீற்றர். வெட்டு 4 மில்லிமீற்றர் தேய்ந்தால் விட்டம் 8 மில்லிமீற்றர் குறையும், சுற்றளவு 2250 ஆகும். புதியது ஒரு கிலோமீற்றருக்கு 439, 440 தரம் சுற்றும். தேய்ந்தது 444 தரம். ஐந்து சுற்று வித்தியாசம் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். நூறு கிலோமீற்றர் போனால் அது ஐந்நூறு சுற்று. அச்சு ஒன்றில் உள்ள இரண்டு சில்லுக்கு இடையில் வருகிற வித்தியாசத்தை அங்குள்ள டிபரென்சியல் விழுங்கிக்கொள்ளும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் எக்ஸ்-ரெயிலில் டிபரென்சியல் இல்லை, கிளட்ச் தட்டுகள்தான். கணினிக்கு முன்சில்லு வழுக்குவதுபோலவே தெரியும். அது தட்டை நெருக்கும், தட்டு உரசும், சூடேறும். காய்ந்த காப்பெற்றில், நாள் முழுக்க.

விட்டாராவில் நடு டிபரென்சியல் இருப்பதால் 4எச்சில் இந்த வித்தியாசத்தை ஓரளவு தாங்கும். பூட்டினால் தாங்காது. அதனால்தான் காய்ந்த றோட்டில் லொக்கோடு ஓடக் கூடாது என்று சொல்கிறார்கள். சேற்றிலும் மணலிலும் சில்லு கொஞ்சம் வழுக்கி வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளும். காப்பெற்றில் வழுக்க இடமில்லை, முழுப் பாரமும் பல்லுக்கும் செயினுக்கும் போகும். மழை விட்டதும் கிரவலிலிருந்து ஏ34 இல் ஏறின உடனே குமிழைத் திருப்ப மறக்கிற ஆட்களை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே ரயர் எடுப்பதென்றால் நாலாக எடுங்கள். ஒரே கம்பனி, ஒரே வெட்டு, ஒரே அளவு. ஒவ்வொரு 8000, 10000 கிலோமீற்றருக்கும் முன்னைப் பின்னுக்கும் பின்னை முன்னுக்கும் மாற்றுங்கள். ஸ்பெயாரையும் அதே ரயராக வைத்து ஐந்தையும் சுற்றில் விடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். என்ன வெட்டு என்று கேட்டால், உங்கள் பாதைக்கு ஏ/ரி, அதாவது றோட்டுக்கும் சேற்றுக்கும் பொதுவான ஆழ வெட்டு. றோட்டு ரயரின் வெட்டுக்குள் களி அடைந்தால் அது வழுவழுப்பான உருளை ஆகிவிடும், பிறகு நாலு சில்லும் சேர்ந்து சுற்றினால் என்ன, எட்டுச் சில்லு சுற்றினால் என்ன. முருங்கன் பக்கம் மாரியில் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களி எடுத்த மண் அது. செருப்பில் ஒட்டினாலே காலைத் தூக்க விடாது. நல்ல ஏ/ரி ரயர் போட்ட முன்சில்லுக் கார், மொட்டை ரயர் போட்ட ஆல்-வீலைவிட அங்கே தூரம் போகும்.

காற்றையும் இறக்குங்கள். முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் நான் 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுவேன், சேற்றுக்கு 24. ரயர் பரந்து மிதிக்கும். திரும்பி றோட்டில் ஏறும்போது நிரப்புவதற்கு லைட்டர் துவாரத்தில் செருகுகிற சின்னப் பம்ப் ஒன்று போதும். இன்னொன்று, எக்ஸ்-ரெயில் எடுத்தால் சேற்றுக்குள் நிற்கும்போது விடிசி பட்டனை அணைக்க மறக்க வேண்டாம். சில்லு வழுக்கினால் எஞ்சினை அடக்குவது அதன் வேலை. றோட்டில் உயிர் காக்கும், சேற்றில் கடைசி இழுவையையும் பறித்துவிடும்.

வெசலைப் பற்றி மச்சான் குறை சொன்னதே இல்லை. ஏ9இல் அவருக்குக் கிடைக்கிற எண்ணெய்க் கணக்கை என் விட்டாரா கனவிலும் காணாது. நான் றோட்டில் லீற்றருக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றர், உள்பாதையில் ஆறு. 2022 இல் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீடு வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியபோது அவர் வேலைக்கும் போய் வந்தார், நான் வண்டியை மூடிவிட்டுச் சைக்கிளில் வயலுக்குப் போனேன். இதை நீங்கள் யோசிக்கத்தான் வேண்டும். ஆனாலும் உங்கள் பாதைக்கு வெசலை நான் சொல்ல மாட்டேன். 2013 கடைசியில் வந்த அந்த ஹைபிரிட்டில் இருப்பது இரட்டைக் கிளட்ச் கியர்ப்பெட்டி. முதல் வருசங்களில் அதன் மென்பொருளுக்காக ஜப்பானிலேயே திரும்பத் திரும்ப மீள அழைத்துச் சரிசெய்தார்கள். சரிசெய்த பிறகும், அப்படியான கியர்ப்பெட்டி எதுவானாலும் சேற்றில் ஊர்ந்து ஊர்ந்து போவதை விரும்பாது. கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிச் சூடேறும். உயரமும் குறைவு. பற்றரி பின்னால், சாமான் வைக்கிற தட்டுக்குக் கீழே. அதைக் குளிராக்கும் காற்றாடிக்கு எங்கள் செம்புழுதி பெரிய எதிரி. மச்சான் அந்தக் காற்று வாயை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் தூசு தட்டுவிக்கிறார், கிரவலுக்கு அப்பால் இறக்குவதே இல்லை. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது.

நீங்கள் கேட்காத இரண்டும் இருக்கின்றன. ஒன்று பாவித்த டைஹற்சு டெரியோஸ், 2006க்குப் பிறகு வந்தது, அல்லது அதன் கூடப்பிறந்த ரொயோட்டா ரஷ். எப்போதும் நாலு சில்லு, நடு டிபரென்சியலைப் பூட்டப் பட்டன், உடம்பு ஒடுக்கம், எஞ்சின் 1500. லோ கியர் இல்லை. அம்மாவோடு வவுனியா போக இருக்கை கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் விலையும் எண்ணெயும் உங்களுக்கு முக்கியமென்றால் ஒருமுறை ஓடிப் பாருங்கள். மற்றது சுசுகி ஜிம்னி, சேற்றுக்கு எல்லாவற்றுக்கும் மேல். வயது போன ஆளை ஏ9இல் ஏற்றிக்கொண்டு போக நான் எடுக்க மாட்டேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கை மாறிக் கை மாறி ஓடின. ஒரு சிநேகிதனுக்காக வவுனியாவில் ஒன்று பார்க்கப் போனேன். மேலே பெயின்ற் பளபளப்பு, குமிழ் எல்லாம் சரியாக இருந்தது. சாக்கு விரித்து, டோச் அடித்துக்கொண்டு கீழே படுத்தேன். பின்சில்லுக்குச் சக்தி கொண்டுபோகிற புரொபெல்லர் சாப்ட்டே இல்லை. கழற்றின இடத்தில் கறுப்புப் பெயின்ற் புதிதாக அடித்திருந்தது. "அண்ணை, போர்-வீல்தான், பட்டன் வேலை செய்யுது பாருங்கோ" என்கிறார் விற்கிறவர். பட்டனில் விளக்கு எரியத்தான் செய்தது. ஆகவே வெட்கப்படாமல் கீழே படுத்துப் பாருங்கள்.

பிறகு காய்ந்த, பரந்த இடத்தில், லொக் போடாமல், ஸ்டியரிங்கை முழுதாக வளைத்து மெதுவாக வட்டமடியுங்கள், இரண்டு பக்கமும். வண்டி பிரேக் பிடித்ததுபோல் இழுத்து இழுத்துத் துள்ளினால் கப்ளிங்கோ நடு டிபரென்சியலோ விடாமல் பிடிக்கிறது. அடுத்து, முன்சில்லு இரண்டும் ஈரப் புல்லிலோ சேற்றிலோ நிற்க, பின்சில்லு நல்ல நிலத்தில் நிற்க, மெல்லமாக அக்சிலேற்றரைக் கொடுங்கள். வெளியில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்: பின்சில்லு தள்ளுகிறதா, முன்சில்லு மட்டும் சுற்றுகிறதா. நாலு ரயரின் வெட்டு ஆழத்தையும் அளக்க மறக்க வேண்டாம். ஒற்றைப் புது ரயரோடு நிற்கிற ஆல்-வீலைக் கண்டால் என் கதையை நினையுங்கள்.

ஒயிலையும் அதே நாளில் பாருங்கள். எஞ்சின் ஒயில் மாற்றுகிற எங்கள் ஆட்கள் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேஸுக்கும் பின் டிபரென்சியலுக்கும் தனித்தனி ஒயில் இருப்பதை மறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஹொண்டா சிஆர்வி வைத்திருந்தார். அதன் பின் டிபரென்சியலுக்குள் பம்ப்பும் கிளட்ச்சும் சேர்ந்து இருப்பதால் அதற்கென்றே கம்பனி ஒரு தனி ஒயில் வைத்திருக்கிறது. ஒரு கராஜில் சாதாரணக் கியர் ஒயிலை ஊற்றிவிட்டார்கள். ஒரு மாதத்தில் வளைவுகளில் மாடு கத்துவதுபோல் முனகத் தொடங்கியது. நல்லவேளை, பிடுங்கிச் சரியானதை இரண்டு தரம் மாற்றி ஊற்றச் சத்தம் நின்றது. எந்த வண்டியானாலும் கைப்புத்தகத்தில் உள்ள ஒயிலை எழுதிக் கொடுத்து, ரின்னை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள்.

நாலு சில்லு இழுக்குமே ஒழிய நாலு சில்லு சேர்ந்து கூடுதலாக நிறுத்தாது. பிரேக் சாதாரணக் காருக்கு உள்ளதேதான். இரவில் ஏ35இல் மாடுகள் சூட்டுக்குத் தாரில் படுத்திருக்கும், மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் நடுவில் ஆனை நிற்கும். மழையில் நன்றாகப் பிடித்து ஓடுகிறதே என்று வேகத்தைக் கூட்ட வேண்டாம். பிடிப்பது இழுக்கும்போது மட்டும்தான்.

சேற்றில் தாண்டுபோனால் இழுக்க உழவு மெசின்தான் வரும். கயிற்றைக் கொழுவுகிற கொக்கி எங்கே என்று கோடையிலேயே பார்த்து வையுங்கள். பம்பருக்குள், சஸ்பென்சன் கையில் எல்லாம் சங்கிலி கட்ட விடாதீர்கள். பழுதாகி நின்றால் இரண்டு சில்லைத் தூக்கி இரண்டு சில்லை உருட்டி இழுக்கவே கூடாது. நிலத்தில் உருள்கிற சில்லு கப்ளிங்கை எரித்துவிடும். தட்டு லொறியில் ஏற்ற வேண்டும். விட்டாராவில் அந்த நியூட்ரல் நிலை இருப்பது நாலு சில்லும் நிலத்தில் இருக்க இழுப்பதற்காகத்தான்.

இனி உங்கள் தாம்போதி. 2018 மார்கழி 22இல் இரணைமடுக் குளத்தின் வான்கதவெல்லாம் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்ற அந்தக் காலையில், வாய்க்கால் தாம்போதி ஒன்றில் எக்ஸ்-ரெயிலோடு அரை மணித்தியாலம் நின்றேன். முழங்காலளவு தண்ணீர்தான். இறங்கியிருப்பேன், பின்னால் வந்த ஐயா ஒருவர் தடியை ஊன்றிப் பார்த்துவிட்டு, "மோனை, கீழ கல்லு அள்ளுப்பட்டுப் போட்டுது, றோட்டு இல்லை" என்றார். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் நடுவில் ஆறடிக்கு அரித்துக்கொண்டு போயிருந்தது. அரிக்காமல் இருந்தாலும், தண்ணீர் வண்டியின் அடித்தட்டைத் தொட்டபிறகு ஏறுகிற ஒவ்வொரு பத்துச் சென்ரிமீற்றருக்கும் வண்டி பல நூறு கிலோ இலேசாகும். மிதக்கிற சில்லு நாலாக இருந்தும் ஒன்றுதான்.

நிற்கிற தண்ணீரானாலும் சில்லின் நடுக்குடத்துக்கு மேல் இறங்க வேண்டாம். சூடான டிபரென்சியல் சடாரென்று குளிரும்போது மூச்சுக்குழாயால் தண்ணீரை உள்ளே இழுக்கும். அடுத்த நாள் ஒயில் நட்டைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள், பால்தேத்தண்ணி நிறமாக இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

வண்டி எடுத்த கிழமையே, தாம்போதி காய்ந்து கிடக்கும்போது, ஓரத்தூணில் நடுக்குடத்தின் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு கீறிவிடுங்கள். மாரியில் அந்தக் கோடு தண்ணீருக்குள் போனாலோ, அதற்குக் கீழே இருந்தும் தண்ணீர் இழுத்துப் பாய்ந்தாலோ, இறங்க வேண்டாம். கிளினிக் நாளுக்கு முதல்நாள் வானம் கறுத்தால் வண்டியைக் காப்பெற் பக்கத்தில் தெரிந்த வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவையும் தண்ணீர் ஏறமுதலே இக்கரைக்குக் கூட்டிவந்து அன்றிரவு அங்கேயே தங்க வையுங்கள். நாங்கள் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம்.